ஸாபிக்ஸ் 6.0-இலிருந்து 7.0: அப்கிரேடு எங்கெங்கே சிக்கும், எப்படி விடுவிப்பது

ஸாபிக்ஸ் என்பது சர்வர்களையும் நெட்வொர்க் சாதனங்களையும் கண்காணித்து அலர்ட் அனுப்பும் மென்பொருள். 2022 பிப்ரவரியில் வந்த ஸாபிக்ஸ் 6.0, 2024 ஜூனில் வந்த 7.0 இரண்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். நடுவில் உள்ள 6.2, 6.4 ஆகியவற்றைத் தொடாமல் நேரே 7.0-க்குப் போகலாம். புதிய சர்வர் பேக்கேஜைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் டேட்டாபேஸ் டேபிள்களை அதுவே மாற்றிக்கொள்ளும். திரும்பி வர மட்டும் வழி கிடையாது. 7.0 தொட்ட டேட்டாபேஸை 6.0 சர்வர் ஏற்காது. பேக்கப்பிலிருந்து மீட்டால்தான் உண்டு.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பல மாதமாக உள்ளே கிடந்தவை, பழைய பதிப்பு கண்டுகொள்ளாமல் விட்டவை. அவற்றை ஓடும் சர்வரில் சந்திப்பதைவிட ஒரு நகலில் சந்திப்பது மேல். ஆகவே இந்த வழிமுறை முழுக்க ஒத்திகைக்கானது: ஒரு தனி விர்ச்சுவல் மெஷின், அதில் உங்கள் டேட்டாபேஸின் நகல், அதன்மேல் அப்கிரேடு. லினக்ஸில் பேக்கேஜ் மூலம் நிறுவி, மைஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

## ஒத்திகை சர்வர் ஸ்டார்ட் ஆனதும் எல்லோருக்கும் இரட்டை அலர்ட்

நகல் சர்வருக்குத் தான் நகல் என்று தெரியாது. அதே ஸ்விட்சுகளைக் கேட்கும், அதே ஆட்களுக்கு மெயில் அனுப்பும். ஆக்ஷனில் (பிரச்சினை வந்தால் தானாகச் செய்ய வேண்டியவை) ரிமோட் கமாண்ட் இருந்தால் உண்மையான மெஷினில் சர்வீஸையே ரீஸ்டார்ட் செய்துவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே நகல் டேட்டாபேஸில் மீடியா டைப் டேபிள், ஆக்ஷன் டேபிள் இரண்டிலும் ஸ்டேட்டஸ் மதிப்பை 1 ஆக்குங்கள். அலர்ட் வழிகளும் ஆக்ஷன்களும் அணைந்துவிடும். அதற்குமேல் ஃபயர்வாலில் அந்த மெஷினிலிருந்து வெளியே போகும் மெயில், வெப்ஹுக் போக்குவரத்தை அடைப்பது நல்லது. ப்ராக்ஸியிலிருந்து (சர்வருக்காக டேட்டாவைச் சேகரித்து அனுப்பும் துணை நிரல்) டேட்டா வருகிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை ப்ராக்ஸிக்கு வழிவிட்டால் போதும்.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று உண்டு. சர்வர் கான்ஃபிக் கோப்பை அப்படியே நகலெடுத்தால் அதிலுள்ள டிபி-ஹோஸ்ட் வரி உண்மையான டேட்டாபேஸைக் காட்டிக்கொண்டிருக்கும். 7.0 ஸ்டார்ட் ஆன மறுநொடி உற்பத்தி (அதாவது உண்மையில் ஓடும்) டேட்டாபேஸ் மாறத் தொடங்கிவிடும். எனவே அந்த வரியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மாற்றியபிறகு, ஒத்திகை மெஷினிலிருந்து உண்மையான டேட்டாபேஸின் 3306 போர்ட்டுக்கு இணைப்புப் போகாதபடி அடைத்துவிட்டால் கண் அசந்தாலும் பயமில்லை.

நகலை மைஸ்க்யூஎல் டம்ப் மூலம் எடுத்தால் 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தெரிவைச் சேருங்கள், ஓடும் சர்வர் பூட்டிக்கொள்ளாது. முதல் ஒத்திகைக்கு ஹிஸ்டரி, டிரெண்ட் டேபிள்களின் வடிவம் மட்டும் வந்தால் போதும், உள்ளே வரிசைகள் வேண்டாம். நேரக் கணக்குக்கான இரண்டாவது ஒத்திகைக்கு முழு டேட்டாவும் வேண்டும். டேட்டாபேஸ் தவிர ஈடிசி அடைவிலுள்ள ஸாபிக்ஸ் கோப்புகள், அலர்ட் ஸ்கிரிப்ட், எக்ஸ்டர்னல் ஸ்கிரிப்ட் அடைவுகள், வெப் சர்வர் கான்ஃபிக், ஃப்ரன்ட்எண்டில் (ஸாபிக்ஸின் வெப் பக்கம்) கையால் சேர்த்த மாட்யூல்கள் எல்லாம் பேக்கப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

## பேக்கேஜ் அப்கிரேடு ஆகவில்லை, அல்லது வேறு பதிப்பு வருகிறது

பழைய ரெப்போ (பேக்கேஜ்கள் வரும் களஞ்சியம்) இன்னும் இருக்கிறது. ஸாபிக்ஸ் ரிலீஸ் பேக்கேஜை 7.0-க்கு மாற்றாமல் அப்கிரேடு கொடுத்தால் 6.0-இன் கடைசித் திருத்தம்தான் வரும். ரெப்போவை மாற்றி, கேஷைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எபெல் (ரெட்ஹாட் வகை லினக்ஸுக்கான கூடுதல் பேக்கேஜ்கள்) ரெப்போ குறுக்கே வருகிறது. ரெட்ஹாட் 9, ராக்கி, அல்மா பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி வரும். எபெலிலும் ஸாபிக்ஸ் பேக்கேஜ்கள் உள்ளன. எபெல் ரெப்போ கோப்பில் ஸாபிக்ஸ் என்று தொடங்கும் எல்லாவற்றையும் விலக்கும்படி ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஃப்ரன்ட்எண்ட் மட்டும் ஏற மறுக்கிறது. 6.0-க்கு பிஎச்பி 7.2.5 போதும், 7.0-க்கு 8.0 வேண்டும். ரெட்ஹாட் 8-இல் இயல்பாக இருப்பது 7.2. அங்கே பிஎச்பி மாட்யூலை 8.2-க்கு மாற்றினால் ஏறும். டெபியன் 11, உபுண்டு 20.04 இரண்டிலும் வருவது 7.4. வெளி ரெப்போவிலிருந்து பிஎச்பி-யை இழுத்து ஒட்டுவதைவிட, அந்த மெஷினையே டெபியன் 12-க்கோ உபுண்டு 22.04-க்கோ கொண்டுபோவதுதான் சரி. அதையும் ஸாபிக்ஸ் அப்கிரேடையும் ஒரே இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தெரியாது.

அதே மெஷினில் வேறு பிஎச்பி செயலி ஓடுகிறதென்றால் இங்கேயே நிறுத்தி, அந்தச் செயலியைப் பராமரிப்பவரைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

## சர்வர் ஸ்டார்ட் ஆகி உடனே விழுந்துவிடுகிறது

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸாபிக்ஸ் சர்வர் விழுந்தால் சிஸ்டம்-டி பத்து விநாடியில் மறுபடி தூக்கிவிடும். நீங்கள் லாகைத் திறப்பதற்குள் பல முறை விழுந்து எழுந்திருக்கும். லாகின் கடைசி வரியைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கடைசிப் பிழை பெரும்பாலும் முதல் பிழையின் பின்விளைவு. சர்வீஸை நிறுத்துங்கள், லாகில் பின்னோக்கிப் போய், டேட்டாபேஸ் அப்கிரேடு தொடங்கியதாகச் சொல்லும் முதல் வரிக்குப் பிறகு வரும் முதல் பிழையைப் பிடியுங்கள்.

கான்ஃபிக் கோப்பில் தெரியாத அளவுரு என்கிறது. எந்த வரி என்றும் அதுவே சொல்லும். பழைய கோப்பை வைத்துக்கொண்டிருந்தால் புதியது பக்கத்திலேயே வேறு பின்னொட்டோடு கிடக்கும். புதியதை எடுத்துக்கொண்டு, நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் அதில் சேர்ப்பது சுத்தமான வேலை.

டேட்டாபேஸ் பதிப்பு ஆதரிக்கப்படவில்லை. 7.0 கேட்கும் குறைந்தபட்சம்: மைஸ்க்யூஎல் 8.0.30, மரியாடிபி 10.5, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 13, டைம்ஸ்கேல்டிபி 2.13. பழைய பதிப்பையும் ஏற்கச் சொல்லும் ஓர் அளவுரு இருக்கிறது. அதை 1 ஆக்கினால் சர்வர் எழுந்துவிடும். ஒத்திகையில் ஆக்கிப் பாருங்கள், உற்பத்தியில் வேண்டாம். 6.0 போடும்போதே அந்த அளவுருவைப் போட்டுத் தப்பித்தவர்கள் இப்போது டேட்டாபேஸை முதலில் ஏற்றியாக வேண்டும், அதையும் தனி நாளில். டேட்டாபேஸ் வேறு துறையின் கையில் இருந்தாலோ ரெப்ளிகா இருந்தாலோ டிபிஏ-வை (டேட்டாபேஸ் நிர்வாகியை) அழைக்க இதுவே நேரம்.

ஹெச்ஏ கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் இன்னொன்று ஏற்கும்படி சேர்த்துவைத்த பல சர்வர்கள்). கிளஸ்டர் முறையில் ஓடும்போது டேட்டாபேஸ் அப்கிரேடு நடக்காது. எல்லா நோடையும் நிறுத்துங்கள். ஒரு நோடில் ஹெச்ஏ நோட் பெயர் வரியை மூடிவைத்து, தனி சர்வராக ஸ்டார்ட் செய்யுங்கள். அப்கிரேடு முடிந்ததும் வரியைத் திறந்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மற்ற நோட்களிலும் புதிய பேக்கேஜைப் போட்டபிறகு எழுப்புங்கள்.

எஸ்இ-லினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு). சாக்கெட்டைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுப்பு 13 என்று லாகில் வந்தால் ஒத்திகை மெஷினில் மட்டும் எஸ்இ-லினக்ஸைத் தளர்த்திப் பாருங்கள். அப்போது ஓடினால் காரணம் அதுதான். ஸாபிக்ஸின் எஸ்இ-லினக்ஸ் பாலிசி பேக்கேஜை நிறுவுங்கள். நிரந்தரமாக அணைத்துவிட்டுப் போவது தீர்வல்ல.

## டேட்டாபேஸ் அப்கிரேடு பாதியில் பிழையோடு நிற்கிறது

இங்கே பிழை எண்தான் வழிகாட்டி. லாகில் சதுர அடைப்புக்குள் இருக்கும்.

1419. மைஸ்க்யூஎல்லில் பைனரி லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) ஓடுகிறது. புதிய பதிப்பு டேட்டாபேஸ் டிரிகர்களை (டேபிள் மாறும்போது தானே ஓடும் கட்டளைகளை) உருவாக்கப் பார்க்கிறது. ஸாபிக்ஸ் பயனருக்கு அந்த உரிமை இல்லை. மைஸ்க்யூஎல்லில் ரூட்டாக நுழைந்து 'லாக் பின் டிரஸ்ட் ஃபங்ஷன் கிரியேட்டர்ஸ்' மாறியை 1 ஆக்கி, ஸாபிக்ஸ் சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் 0-க்குத் திருப்பிவிடுங்கள். மைஸ்க்யூஎல் 8-இல் பைனரி லாக் இயல்பாகவே ஓடுவதால் இந்தப் பிழையைப் பார்க்காதவர்கள் குறைவு.

1142. ஸாபிக்ஸ் பயனருக்குக் குறிப்பிட்ட ஓர் உரிமை இல்லை, பெரும்பாலும் டிரிகர் உரிமை. பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்து உரிமை கொடுத்த இடங்களில் வரும். அப்கிரேடு முடியும்வரை அந்த டேட்டாபேஸ் மீது முழு உரிமை கொடுத்து, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

3780, அல்லது கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பற்றிய முறைப்பாடு. பல ஆண்டுகளாக ஏற்றி ஏற்றி வந்த டேட்டாபேஸ்களில் சில டேபிள்கள் பழைய யுடிஎஃப்-8 மூன்று பைட்டிலும் சில நான்கு பைட்டிலும் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஃபாரின் கீ (டேபிள்களை இணைக்கும் கட்டுப்பாடு) போட முடியாது. 6.0 சர்வரும் ஸ்டார்ட் ஆகும்போது இதைப் பற்றி எச்சரிக்கை எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கே உங்கள் 6.0 லாகில் தேடுங்கள். இருந்தால் அப்கிரேடுக்கு முன், தனி வேலையாக எல்லா டேபிளையும் நான்கு பைட் பைனரி கொலேஷனுக்கு மாற்றுங்கள். ஹிஸ்டரி டேபிள் பெரிதாக இருந்தால் அதற்கே மணிக்கணக்கில் ஆகும்.

வட்டு நிரம்பியது. டேபிளை மாற்றும்போது மைஸ்க்யூஎல் பல வேளைகளில் அதன் முழு நகலைப் பக்கத்தில் எழுதும். உங்கள் மிகப்பெரிய டேபிளின் அளவுக்குக் காலி இடமும், அதற்குமேல் பைனரி லாகுக்கு இடமும் வேண்டும். டெம்ப் அடைவு தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதையும் பாருங்கள்.

1060, டூப்ளிகேட் காலம் (column, டேபிளின் நெடுவரிசை). இதுதான் மேலே சொன்ன பின்விளைவுப் பிழை. ஒவ்வொரு சிறு மாற்றமும் முடிந்தபின் ஸாபிக்ஸ் தன் பதிப்பு எண்ணை டேட்டாபேஸில் குறித்துக்கொள்ளும். காலம் சேர்ந்துவிட்டது, எண் குறிப்பதற்குள் யாரோ சர்வரைக் கொன்றுவிட்டார்கள். அடுத்தமுறை அதே காலத்தைச் சேர்க்கப் போய் மோதுகிறது. ஒத்திகையில் வந்தால் நகலை அழித்து மறுபடி எடுங்கள். உற்பத்தியில் வந்தால் பேக்கப்பிலிருந்து மீட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். காலத்தைக் கையால் நீக்கிவிட்டுத் தொடரலாம் என்று தோன்றும். அந்த மாற்றத்தின் மூலநிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் பக்கத்தில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் டேபிள் மாற்றங்களும் டிரான்சாக்ஷனுக்குள் நடப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

## சதவீதம் நகரவே இல்லை

லாகில் "இத்தனை சதவீதம் முடிந்தது" என்று ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். மாற்றங்களின் எண்ணிக்கையைத்தான் அந்தச் சதவீதம் கணக்கிடுகிறது, நேரத்தை அல்ல. ஒரு பெரிய டேபிளை மாற்றும்போது அரை மணி நேரம் ஒரே எண்ணில் நிற்பது இயல்பு.

கொல்வதற்கு முன் மைஸ்க்யூஎல்லில் பிராசஸ் பட்டியலைப் பாருங்கள்.

- ஆல்டர் கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது, வட்டில் எழுத்தும் நடக்கிறது: காத்திருங்கள்.
- 'மெட்டாடேட்டா லாக்குக்குக் காத்திருக்கிறது' என்று இருக்கிறது (இந்த லாக் பதிவேடு அல்ல, பூட்டு): வேறு யாரோ அந்த டேபிளைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். இரவு பேக்கப் டம்ப், பார்ட்டிஷன் உருவாக்கும் கிரான் வேலை, டேட்டாபேஸை நேரடியாகப் படிக்கும் கிராஃபானா (வரைபடம் காட்டும் கருவி), திறந்தபடி மறந்துபோன ஒரு மைஸ்க்யூஎல் விண்டோ. பிடித்திருக்கும் இணைப்பை மூடினால் ஆல்டர் தானாக நகரும். அப்கிரேடு நாளில் கிரான் வேலைகளை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்.
- பட்டியலில் ஸாபிக்ஸ் இணைப்பே இல்லை: சர்வர் விழுந்துவிட்டது, முந்தைய பகுதிக்குப் போங்கள்.

முழு டேட்டாவோடு செய்த இரண்டாவது ஒத்திகையில் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உற்பத்தி நாளில் அதைப்போல இரண்டு மடங்கு தாண்டியும் நகரவில்லை, வட்டிலும் அசைவில்லை என்றால் டிபிஏ-வை எழுப்புங்கள்.

அந்த நேரம் ஒரு மணிக்கு மேல் போனால் இன்னொரு வேலையும் இருக்கிறது. சர்வரைத் தொட முடியாத ப்ராக்ஸி டேட்டாவைத் தன்னிடம் சேர்த்துவைக்கும். இயல்பாக ஒரு மணி நேரத்துக்குத்தான். அதன்பின் பழையதை அழிக்கத் தொடங்கும். ப்ராக்ஸி ஆஃப்லைன் பஃபர் அளவுருவை முந்தின நாளே 24 ஆக்கி ப்ராக்ஸிகளை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 720 மணிவரை ஏற்கும்.

## வெப் பக்கம் திறக்கவில்லை

டேட்டாபேஸ் பதிப்பு பொருந்தவில்லை என்கிறது. சர்வர் இன்னும் அப்கிரேடை முடிக்கவில்லை, அல்லது ஃப்ரன்ட்எண்ட் பேக்கேஜ் மட்டும் ஏறாமல் நிற்கிறது. பக்கத்தில் காட்டும் இரண்டு எண்களில் எது பெரிது என்று பார்த்தால் எது பின்தங்கியது என்று தெரியும்.

வெள்ளைப் பக்கம், அல்லது 500. வெப் சர்வர் லாகையும் பிஎச்பி-எஃப்பிஎம் லாகையும் பாருங்கள். பிஎச்பி மாறியதால் பழைய பூல் கோப்பிலிருந்த அமைப்புகள் புதியதில் வந்திருக்காது. நினைவக வரம்பு 128 எம்பி, போஸ்ட் அளவு 16 எம்பி, இயங்கும் நேரம் 300 விநாடி, உள்ளீட்டு நேரம் 300 விநாடி இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் கோப்பு பழைய பிஎச்பி சாக்கெட்டையே காட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

லாகின் ஆகிறது, சில பக்கங்கள் மட்டும் உடைகின்றன. சொந்த மாட்யூல்கள். 6.4-இல் மாட்யூல்களின் நேம்ஸ்பேஸும் மேனிஃபெஸ்ட் பதிப்பும் மாறிவிட்டன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அந்த மாட்யூல் இல்லாமல் வாழ முடியுமா என்று இப்போதே முடிவெடுங்கள்.

ஸாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை என்று மஞ்சள் பட்டை. 10051 போர்ட் எட்டுகிறதா? ரெட்ஹாட் வகையில் எஸ்இ-லினக்ஸின் வெப் சர்வர் இணைப்பு அனுமதிகள் திறந்திருக்கின்றனவா?

## எல்லாம் ஓடுகிறது, டேட்டா வரவில்லை

ஒரு ப்ராக்ஸிக்குக் கீழே உள்ளவை மட்டும். ப்ராக்ஸி பட்டியலில் பதிப்பைப் பாருங்கள். 6.0 ப்ராக்ஸி 7.0 சர்வருக்கு டேட்டா கொடுக்கும், ரிமோட் கமாண்டும் ஓடும். கான்ஃபிக் மாற்றங்கள் மட்டும் அதற்குப் போகாது. புதிதாகச் சேர்த்த ஹோஸ்ட் உயிர்பெறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான். எப்போதும் சர்வர் முதலில், ப்ராக்ஸி பிறகு. சர்வரைவிடப் புதிய ப்ராக்ஸி கூடாது. எஸ்க்யூலைட் வைத்த ப்ராக்ஸியில் டேட்டாபேஸ் அப்கிரேடு கிடையாது, கோப்பு புதிதாக உருவாகும். அனுப்பாத டேட்டா அதோடு போய்விடும் என்பதால் வரிசை காலியானபிறகு ஏற்றுங்கள்.

ஏஜென்ட்களை (கண்காணிக்கப்படும் மெஷின்களில் ஓடும் நிரல்களை) பற்றிக் கவலை வேண்டாம். பழையவை அப்படியே பேசும்.

டைம்அவுட் பிழைகள் கூடிவிட்டன. 7.0-இல் ஐட்டம் (கண்காணிக்கும் ஓர் அளவீடு) வகைவாரியான டைம்அவுட் வெப் பக்கத்தில் நிர்வாகம், பொது அமைப்புகளுக்குள் போய்விட்டது. ஒரு ஐட்டத்துக்கென்று தனியாகவும் கொடுக்கலாம், 600 விநாடிவரை. ப்ராக்ஸி கான்ஃபிக் கோப்பில் மட்டும் உயர்த்திவைத்திருந்த டைம்அவுட்டை இங்கேயோ ப்ராக்ஸி அமைப்பிலோ மறுபடி கொடுக்க வேண்டும்.

பழைய ஸ்விட்சுகள் திணறுகின்றன. ஏஜென்ட், ஹெச்டிடிபி, எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் நிலையைக் கேட்கும் நெறிமுறை) சோதனைகளுக்குப் புதிய போலர்கள் (டேட்டாவைக் கேட்டு வாங்கும் பிராசஸ்கள்) வந்துள்ளன. ஒவ்வொன்றும் இயல்பாக 1000 சோதனைகளை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும். எஸ்என்எம்பி-யில் வாக், கெட் வடிவ ஐட்டங்கள் மட்டும் அந்தப் போலருக்குப் போகும். பழைய ஓஐடி ஐட்டங்கள் பழைய போலரிலேயே. இடையிலுள்ள ஃபயர்வாலின் செஷன் எண்ணிக்கை எகிறினால் அந்த ஒரே நேர வரம்பைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நெட்வொர்க் ஆட்களிடம் கொடுங்கள். சாதனத்தின் சிபியு நிலையை அவர்களால்தான் பார்க்க முடியும்.

புதிய டெம்ப்ளேட்டுகளைக் காணோம். அப்கிரேடு டெம்ப்ளேட்டுகளையும் வெப்ஹுக்குகளையும் தொடாது. கையால் இம்போர்ட் செய்ய வேண்டும், அது உங்கள் மாற்றங்களின் மேல் எழுதிவிடும். மாற்றிய டெம்ப்ளேட்டுகளை முதலில் எக்ஸ்போர்ட் செய்துவைத்து, புதியதை ஒரு ஹோஸ்டில் மட்டும் மாட்டிப் பாருங்கள். ஸாபிக்ஸ் சர்வரின் சொந்த ஆரோக்கிய டெம்ப்ளேட்டை மட்டும் உடனே மாற்றுங்கள்; புதிய போலர்கள் எவ்வளவு வேலையில் இருக்கின்றன என்பதை அதில்தான் பார்க்கலாம்.

## ஏபிஐ ஸ்கிரிப்ட்டுகள் உடைந்தன

லாகினில் 'யூசர்' என்ற எதிர்பாராத அளவுரு என்கிறதா? 6.4-இல் அது நீக்கப்பட்டது. 'யூசர்நேம்' என்று மாற்றுங்கள். ப்ராக்ஸி சம்பந்தப்பட்ட அழைப்புகளில் 'ஹோஸ்ட்' இப்போது 'நேம்'; 'ஸ்டேட்டஸ்' இப்போது 'ஆபரேட்டிங் மோட்'; ஹோஸ்டிலிருந்த ப்ராக்ஸி அடையாளப் புலத்தின் பெயரும் மாறிவிட்டது. கோரிக்கைக்குள் 'ஆத்' வைத்து அனுப்பும் பழைய முறை 7.0-இல் ஓடும், 7.2-இல் ஓடாது. எப்படியும் ஸ்கிரிப்ட்டைத் திறந்துவிட்டீர்கள், பேரர் ஹெட்டருக்கு இப்போதே மாற்றிவிடுங்கள். கிராஃபானாவின் ஸாபிக்ஸ் பிளகினையும் ஒத்திகை சர்வரிடம் இணைத்துப் பார்க்க வேண்டும்.

## சர்வர் திரும்பி வந்ததும் நூற்றுக்கணக்கில் பொய் அலர்ட்

டேட்டா வரவில்லை என்று பார்க்கும் ஸாபிக்ஸ் டிரிகர்கள் (அலர்ட்டைக் கிளப்பும் நிபந்தனைகள்), தேங்கிய டேட்டா வந்துசேர்வதற்குள் கூவிவிடும். சர்வரை நிறுத்துவதற்கு முன்பே, டேட்டா சேகரிப்போடு கூடிய மெயின்டெனன்ஸ் ஒன்றை எல்லா ஹோஸ்ட் குரூப்புக்கும் போடுங்கள். அது முடியும் நேரம் அப்கிரேடு முடிவதற்கு ஒரு மணி நேரம் பிந்தியே இருக்கட்டும். ஆக்ஷன்களில் 'அடக்கப்பட்ட பிரச்சினைகளுக்கு நிறுத்திவை' என்ற தெரிவு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது எப்போதோ எடுத்துவிட்டிருந்தால் மெயின்டெனன்ஸ் போட்டும் மெயில் போகும்.

## பின்வாங்கும் நேரம்

உற்பத்தி நாளுக்கு முன்பே பின்வாங்கும் கெடு மணியை எழுதிவையுங்கள்: பேக்கப்பை மீட்க ஒத்திகையில் எவ்வளவு நேரம் ஆனது, காலை எத்தனை மணிக்குக் கண்காணிப்பு ஓடியாக வேண்டும், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். அந்த மணி அடித்தும் டேட்டாபேஸ் அப்கிரேடு முடியவில்லையென்றால் பிழையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, சர்வரை நிறுத்தி, லாகைத் தனியே நகலெடுத்துவைத்து, 6.0 பேக்கேஜ்களையும் பேக்கப்பையும் திருப்புங்கள். பழைய பேக்கேஜ் கோப்புகள் உள்ளூரில் இருக்க வேண்டும். நள்ளிரவில் ரெப்போவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஸாபிக்ஸின் கட்டண ஆதரவோ வெளி ஆலோசகரோ தேவைப்பட்டால் அவர்கள் முதலில் கேட்பது அந்த லாகையும், டேட்டாபேஸ் பதிப்பையும், டேபிள்களின் அளவுப் பட்டியலையும்தான். மூன்றையும் ஒத்திகையின்போதே எடுத்து ஒரு அடைவில் போட்டுவிடுங்கள்.